மீண்டும் தனிப் பேணியா?

தேநீர்க் கடையிலே ஒரு சாராருக்குத் தனிப் பேணி வைத்த காலம் நம்மிடையே இருந்தது. சாதியின் பெயரால் ஒதுக்குவதைக் குற்றமாக்கி 1957ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் வந்த பின்னரும் போராட்டம் ஓயவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நிகழ்ந்தவை அதற்குச் சான்று. அந்த இழுக்கைத் துடைத்துவிட்டோம் என்று மேடைதோறும் முழங்கும் நாம், இன்று வேறொரு பெயரால் அதே பேணியைத் தேடி எடுக்கின்றோம். ஒருவருக்கு எச்.ஐ.வி. கிருமி தொற்றியுள்ளதாம் என்று ஊரிலே ஒரு சொல் கிளம்பினாற் போதும். அவர் குடித்த பாத்திரம் வேறாகின்றது. அவர் பிள்ளை அமரும் வாங்கு வேறாகின்றது.

இது அறியாமை. பாத்திரத்தாலும், கிணற்று நீராலும், கைகுலுக்கலாலும், நுளம்புக் கடியாலும் இக்கிருமி பரவுவதில்லை. பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள இரத்தம், பலர் கைமாறிய ஊசி, சிகிச்சை பெறாத தாயிடமிருந்து சேய் என்பனவே அதன் வழிகள். நாள்தோறும் தவறாது மருந்து உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குத் தாழ்ந்த நிலையைக் காத்து வருபவரிடமிருந்து உடலுறவாலும் அது பரவாது என்பதை மருத்துவ உலகம் ஐயந்திரிபற நிறுவியுள்ளது. அத்தகையவர் உழலாம், உத்தியோகம் பார்க்கலாம், மணம் புரியலாம், நோயற்ற பிள்ளையைப் பெறலாம்.

மருந்து இல்லையா? இருக்கின்றது. அரசாங்கச் சிகிச்சை நிலையங்களில் அது இலவசம். பின் எது தடை? ஊர்வாய்! சிகிச்சை நிலையத்தின் வாசலில் யார் கண்ணிலாவது பட்டுவிடுவோமோ என்று அஞ்சி, கமக்காரன் ஒருவன் ஒரு நாட் கூலியையும் பஸ் கட்டணத்தையும் இழந்து அடுத்த மாவட்டத்துக்குப் போகின்றான். கைப்பணம் தீர்ந்ததும் மருந்தை நிறுத்துகின்றான். இன்னொருவன் பரிசோதனைக்கே வருவதில்லை. உடல் உருக்குலைந்த பின்னரே வருகின்றான். இவர்களை வீழ்த்துவது கிருமி மட்டுமன்று, நாமுந்தான்.

“ஒழுக்கம் தவறியோர் அனுபவிக்கட்டும்” என்பாரும் உளர். கணவனையன்றி வேறொருவரை அறியாத மனைவி செய்த தவறு யாது? கருவிலிருந்த குழந்தை செய்த தவறு யாது? விபத்தில் அடிபட்டு, ஏற்றப்பட்ட இரத்தத்தால் தொற்றுக்குள்ளான குழந்தை மருத்துவர் கமலிகா அபேரத்ன, அதனைப் பகிரங்கமாகக் கூறி, 2004இல் மறையும் வரை ஏனைய நோயாளருக்காகக் குரல் கொடுத்தாரே, அவர் செய்த தவறு யாது? தவறு இருந்தாலுந்தான் என்ன? பாம்பு கடித்தவனை, எவர் வேலியைத் தாண்டினாய் என்று விசாரித்த பின்னரா வைத்தியரிடம் தூக்கிச் செல்கின்றோம்?

அரசாங்கத்தையும் நாம் விட்டுவிடப் போவதில்லை. தந்தை எயிட்ஸ் நோயால் இறந்தார் என்ற வதந்தியால் ஒரு சிறுவனுக்குப் பாடசாலைக் கதவு அடைக்கப்பட்டது. அவ்வழக்கில், 2016இல், இந்நோயுடன் வாழ்வோரின் உரிமைகளைக் காப்பது அரசின் கடன் என்று உயர் நீதிமன்றம் வலியுறுத்தியது. ஆயினும் அடிப்படை உரிமை மனு நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராகவே செல்லும். வேலையிலிருந்து நீக்கும் தனியார் முதலாளியையும், வீட்டைவிட்டுத் துரத்தும் உரிமையாளரையும் அது தொடாது. 1957ஆம் ஆண்டுச் சட்டமோ சாதியை மட்டுமே பேசுகின்றது. பாக்குநீரிணைக்கு அப்பால் இந்தியா 2017இல் தனிச் சட்டம் இயற்றி, வேலையிலும் கல்வியிலும் சிகிச்சையிலும் இந்நோயாளருக்குப் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்தது. சம்மதமின்றி நோய்நிலையை வெளியிடுவதையும் தடைசெய்தது. அத்தகைய சட்டம் இங்கும் வேண்டும். சிகிச்சையும் ஆலோசனையும் தமிழில் வேண்டும். இரகசியம் காக்காத உத்தியோகத்தர் தண்டிக்கப்பட வேண்டும்.

இந்நாட்டால் முடியாததன்று இது. தாயிடமிருந்து சேய்க்கு இத்தொற்று பரவுவதை ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் இலங்கையை அங்கீகரித்தது. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் உரிய வழக்கமான பரிசோதனைகளுள் இதனையும் சேர்த்தமை இவ்வெற்றிக்குப் பெருந்துணையாயிற்று. எல்லோருக்கும் பொதுவான பரிசோதனையில் எவருக்கும் வெட்கமில்லை.

சட்டம் வரும் வரை நாம் வாளாவிருப்பதா? சென்னையில் 1998இல் கௌசல்யா பெரியசாமி முதலிய பெண்கள், தொற்றுடன் வாழும் பெண்களுக்கென்று தாமே ஒரு சங்கத்தை நிறுவினர். நோயுற்ற பெண்களே அவ்வளவு செய்தார்கள் எனின், நலமுடன் இருக்கும் நமக்கென்ன தடை? சனசமூக நிலையங்கள் மருத்துவரை அழைத்துக் கூட்டம் நடத்தட்டும். கூட்டுறவுச் சங்கங்கள், பெயர் வெளிவராத வகையில், நோயாளரின் பயணச் செலவை ஏற்கட்டும். பாடசாலை அதிபர்கள் வதந்திக்குப் பணியாதிருக்கட்டும். நீக்கப்பட்ட தொழிலாளிக்காகச் சட்டத்தரணிகள் கட்டணமின்றி வாதாடட்டும்.

உரிமை கேட்டு அறப்போர் நடத்திய இனம் நாம். நம் வீட்டுத் திண்ணையில் ஒருவனுக்கு உரிமை மறுத்துவிட்டுக் கொழும்பிடம் நாம் உரிமை கேட்பது எந்த வாயால்? தனிப் பேணியை உடைத்தெறிவோம். அதன் பின்னர் நியாயம் பேசுவோம்.