பில் சொல்லும் கதை

பீகாரில் சமஸ்திபூர் என்று ஒரு மாவட்டம். ஏழைகளுக்கான ராஷ்ட்ரிய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனாவில், குடும்பத்துக்கு வருஷம் 30,000 ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் செலவை அரசு ஏற்றது. 2012-ல் அந்த மாவட்டத்துக் கணக்கைக் கூட்டிப் பார்த்தார்கள். நடந்த ஆபரேஷன்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கருப்பையை எடுத்தது!

ஏன், அந்த ஊரில் குடலிறக்கம் கிடையாதா, பித்தப்பைக் கல் கிடையாதா? எல்லாம் உண்டு. ஆனால், வயிற்றுவலி என்று வந்த பெண்ணிடம் 'எடுக்காவிட்டால் கேன்சர்தாம்மா' என்று சொன்னால் போதுமே, அட்டையில் இருக்கும் பணம் கைமாறிவிடும். முப்பத்தைந்து வயதில் சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் உடனே மாதவிடாய் நின்றுபோகும். எலும்பு தேயும், இதய நோய் வரும் வாய்ப்பு கூடும். அதற்கெல்லாம் எந்த அட்டை?

இந்த அநியாயம் வெளியே வந்தது பில்களை வைத்துத்தான். ஒவ்வொரு கிளெய்மிலும் வயது, நோய், சிகிச்சை, தேதி, தொகை, ஆஸ்பத்திரி எல்லாமே பதிவாகின்றன. காசு வேண்டுமே, எழுதித்தானே ஆகணும்! 2019-ல் தேசிய சுகாதார ஆணையமே ஆயுஷ்மான் பாரத் கிளெய்ம்களை ஆராய்ந்தது. கருப்பை நீக்கக் கிளெய்ம்களில் முக்கால் பங்கு ஆறே மாநிலங்களிலிருந்து வந்திருந்தன. சரி, எந்த ஆஸ்பத்திரிகளிலிருந்து? நோயாளிக்கு வேண்டியது அந்தப் பதில்தான்.

இந்தத் தரவு சொக்கத் தங்கம் இல்லை. 2023 சிஏஜி அறிக்கைப்படி, ஆயுஷ்மானில் ஏழரை லட்சம் பேர் 9999999999 என்ற ஒரே செல்போன் நம்பரில் பதிவாகியிருந்தார்கள். ரொக்கம் கொடுத்து ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். இருக்கட்டும். கிளெய்மில் பொய் எழுதுகிறவரைப் பிடிப்பதற்கும் இதே கணக்கைத்தான் நோண்ட வேண்டும்.

'அந்தரங்கம் போயிடும் சார்' என்பார்கள். பெயர், முகவரியை நீக்கிவிட்டு எண்ணுங்கள், யார் வேண்டாமென்றது? 'சிக்கலான கேஸ் எல்லாம் எங்ககிட்டதான் வருது' என்பார்கள் பெரிய டாக்டர்கள். நியாயம்தான். வயதையும் நோயையும் கணக்கில் எடுத்துக்கொண்டே ஒப்பிடலாம். அப்புறமும் ஒரு ஆஸ்பத்திரி மட்டும் தென்னை மரம் மாதிரி தனியாகத் தெரிந்தால், போய்க் கேளுங்கள்.

தமிழகத்தில் 2009-ல் தொடங்கிய காப்பீட்டுத் திட்டம் பெயர் மாறி இன்றும் ஓடுகிறது. அத்தனை கிளெய்மும் நம் வரிப்பணம். நாற்பது வயதுக்குள் கருப்பை இழந்த பெண்கள் எத்தனை பேர், எந்த ஆஸ்பத்திரியில், என்ன காரணத்துக்காக? வருஷா வருஷம் இந்தப் பட்டியலை வெளியிடுங்கள். ஆஸ்பத்திரி பெயரோடு.