இருபதின் அறுபதாம் அடுக்கு

பரிணாமத்தை மறுக்கும் மேடைகளில் தவறாமல் வரும் கணக்கு ஒன்று உண்டு. டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் டொமைன் என்னும் புரதக் கூறில் ஏறத்தாழ 60 அமினோ அமிலங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் 20 வாய்ப்புகள். பெருக்கினால் 79 இலக்க எண் வரும். ஆகவே அப்படியொரு கூறு தானாகத் தோன்றியிருக்கவே முடியாது என்கிறார்கள்.

பெருக்கல் சரிதான். ஆனால் அத்தனை வரிசைகளிலும் ஒன்றே ஒன்றுதான் வேலை செய்யும் என்றால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். 2001-இல் ஆந்தனி கீஃபும் ஜாக் சோஸ்டாக்கும், 80 அமினோ அமிலங்களைக் கண்டபடி கோத்த சுமார் 6 லட்சம் கோடி புரதங்களில் ஏ.டி.பி.யைப் பிடிப்பவை உண்டா என்று தேடினார்கள். கிடைத்தன. சுமார் பத்தாயிரம் கோடிக்கு ஒன்று என்று மதிப்பிட்டார்கள். ஏ.டி.பி. நியூக்ளிக் அமிலம் அல்லதான், ஆனால் ஆர்.என்.ஏ. சங்கிலி கோக்கப்படும் நான்கு மணிகளில் ஒன்று அது. பத்தாயிரம் கோடிக்கு ஒன்று என்பது அரிது. ஆனால் 79 இலக்க அரிது எங்கே, இது எங்கே!

இருபது வகை அமிலங்களும் முதல் நாளே வேண்டும் என்பது அடுத்த அனுமானம். டி.என்.ஏ.வின் முதுகெலும்பு நெடுகிலும் எதிர்மின் பாஸ்பேட்டுகள். நேர்மின் அமிலம் எதுவானாலும் அங்கே ஒட்டும். முந்தானை முள்ளில் மாட்டுவதற்கு முள் குறித்த இடத்தில்தான் இருக்க வேண்டுமா என்ன? இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் டான் டாஃபிக் குழுவினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியம். உயிரினங்களில் பரவலாகக் காணப்படும் ஹீலிக்ஸ்-ஹேர்பின்-ஹீலிக்ஸ் என்ற கூறை எடுத்து, அதன் மூதாதை வடிவத்தை ஊகித்து, படிப்படியாக எளிமையாக்கிக்கொண்டே போனார்கள். பத்தே வகை அமிலங்கள் மிஞ்சின. அவற்றில் நேர்மின் கொண்டது ஆர்னிதைன் மட்டும். உயிர்களின் துணையின்றியே உருவாகக்கூடியது அது. இன்றைய புரதங்களில் இல்லை. எளிய வேதிவினை ஒன்றால் ஆர்னிதைனை ஆர்ஜினினாக மாற்றியதும் மடிப்பும் பிடிப்பும் மேம்பட்டன. இன்னும் சிறிதாக்கியபோது மிஞ்சிய குட்டிப் பெப்டைடு, உருப்படியான மடிப்பு இல்லாமலேயே ஆர்.என்.ஏ.வுடன் சேர்ந்து நுண்துளிகளாகத் திரண்டது.

இதுதான் வரலாற்றில் நடந்தது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. மறுப்பவர்கள் சொல்வது ‘முடியாது’ என்பது. அதற்குப் பதில் சொல்ல, ‘முடியும்’ என்று காட்டினாலே போதும்.

பாதிக் கூறு எதற்கும் உதவாது, டி.என்.ஏ.வுக்கென்றே முழுதாகப் பிறந்திருக்க வேண்டும் என்ற வாதத்தை அந்தத் துளிகளே பாதி கரைத்துவிடுகின்றன. மீதிக்கு ஸெனோபஸ் தவளையின் டி.எஃப்.த்ரீ.ஏ புரதம் இருக்கிறது. ஆரன் க்ளூக் குழுவினர் 1985-இல் ‘துத்தநாக விரல்’களை முதலில் அடையாளம் கண்டது அதில்தான்: சுமார் 30 அமிலங்கள் கொண்ட ஒரே அச்சு, ஒன்பது முறை. அந்தப் புரதம் 5எஸ் ஆர்.என்.ஏ.வின் மரபணுவைப் பிடித்து அதை இயக்குகிறது. அந்த மரபணுவிலிருந்து படியெடுக்கப்பட்ட ஆர்.என்.ஏ.வையும் பிடித்து முட்டைக்குள் சேமித்து வைக்கிறது. முதலாவதில் முன்விரல்கள் முக்கியம், இரண்டாவதில் நடுவிரல்கள்.