நடக்கச் சொல்கிறார்கள்; பாதை எங்கே?

"தினம் அரைமணி நேரம் நடங்கள், சர்க்கரை வராது, இருதயம் கெடாது" என்று ஊருக்கெல்லாம் உபதேசம் நடக்கிறது. நல்ல உபதேசம்தான். பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடலை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. எங்கே நடப்பது என்று கேட்டால்தான் உபதேசிகள் வாயடைத்துப் போகிறார்கள்.

"பாடுபடுகிறவனுக்கு நடை எதற்கு? உழைப்பே தேகப்பயிற்சிதானே!" என்கிறார்கள் சில மேதாவிகள். தீப்பெட்டி ஆபீசுக்கு வந்து பார்க்கட்டும். விடிந்ததும் வேன் வந்து பெண்களை ஏற்றிக்கொள்கிறது. நாள் முழுக்கக் குந்தியிருந்து வேலை, பொழுது சாய்ந்தால் அதே வேன். முதுகு ஒடிகிறது, கால் அசைந்தபாடில்லை. அலுப்பு வேறு, ஆரோக்கியம் வேறு, ஐயா!

லண்டன் பஸ் தொழிலாளரை ஆராய்ந்து மாரிஸ் என்ற மருத்துவர் 1953-ல் எழுதினார். உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. பஸ் ஒன்றுதான், வேலையின் அமைப்புதான் வேறு. வேலைக்கு உள்ள இந்த நியாயம் சாலைக்கும் உண்டு.

நம் சாலையைப் பாருங்கள். மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் நாற்கரச் சாலை கரிசலைக் கிழித்துக்கொண்டு போகிறது. இந்தப்புறம் ஊர், அந்தப்புறம் புஞ்சை. கார்க்காரர் நிற்காமல் பறக்க வழி உண்டு. களைக்கொத்தோடு போகும் பெண் அடுத்த திறப்புவரை சுற்ற வேண்டும். இல்லையேல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடுத்திட்டில் ஏறிக் குதிக்க வேண்டும். ஊருக்குள் வந்தாலும் கதி இதுதான். ஐப்பசி மழையில் கரிசல் மண் காலில் அப்பை அப்பையாய் ஒட்டும், கோடையில் பாளமாய் வெடிக்கும். கல் பாவாத ஓரத்தில் நடந்தவருக்குத் தெரியும், ஜனங்கள் ஏன் தார்மேல் நடந்து லாரிக்கு இரையாகிறார்கள் என்று.

சட்டம் இல்லையா? ஏட்டில் இருக்கிறது. நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்று இந்திய சாலைக் காங்கிரஸ் 2012-ல் விதித்தது. நடைபாதை குடிமகனின் வாழ்வுரிமை என்று உச்சநீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது. போக்குவரத்துப் பணத்தில் 60 சதம் நடைக்கும் சைக்கிளுக்கும் என்று சென்னை மாநகராட்சி 2014-ல் கொள்கை வகுத்தது. 2019-ல் பாண்டி பஜாரில் அகல நடைபாதையும் வந்தது. பாண்டி பஜாருக்கு உள்ள யோகம் எட்டயபுரம் ரோட்டுக்கு ஏன் இல்லை?

நடைபாதை கேட்டால் முதலில் பூக்காரியின் கூடையைத் தூக்க வருகிறார்கள். இது மோசடி! தெரு வியாபாரிக்குப் பாதுகாப்புச் சட்டம் 2014-லேயே வந்தாயிற்று. வழியை மறிப்பது கூடையல்ல, நிறுத்திவைத்த கார்.

புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கக் காலத்தில், 1991-92 வாக்கில், வயல் வேலைக்கும் கல்லுடைக்கவும் போகிற பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். ஊர் சிரித்தது, அவர்கள் விடவில்லை. இன்று பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு சர்க்கார் இலவச சைக்கிள் கொடுக்கிறது. ஓட்ட ஒரு முழப் பாதை கொடுக்கவில்லை. 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை, வரவேற்கிறோம். பஸ்ஸுக்கு நடப்பதும் நடைதான். அந்த நிறுத்தத்துக்கு நிழலும் வழியும் வேண்டாமா?

எட்டூர்வட்டத்திலும் சாலைப்புதூரிலும் சுங்கம் வசூலிக்கிறார்களே, அதில் ஊர் விலக்குதோறும் ஒரு சுரங்கப்பாதை கட்டட்டும். தோழர்களே, மே 1 கிராமசபைக்குக் கூட்டமாய்ப் போங்கள். எந்த விலக்கில், எத்தனை பேர், எந்த நேரம் கடக்கிறார்கள் என்று எண்ணி எழுதிக்கொண்டு போய்த் தீர்மானமாக்குங்கள்.