வீடே முதற்பள்ளி

புதுவையின் வட எல்லையில் கடலோரத்தே அமைந்த ஊர் கனகசெட்டிக்குளம். அங்கு இளம்பிள்ளைக்குக் கல்வி தொடங்கக் கட்டடம் எதற்கு? ஈரமணலே ஏடு, விரலே எழுதுகோல். எழுதிய அகரத்தை அலை அழிக்கும். பிள்ளை சிரித்தபடியே மீண்டும் எழுதும். கிளிஞ்சலை அடுக்கினால் கணக்கு. வாடை, கொண்டல், தென்றல், கோடை எனக் காற்றின் பெயரறிந்தால் நாற்றிசையும் விளங்கும். வலையில் மீன் பிரிக்கும் தாயிடம் நெத்திலி எது, காரல் எது எனக் கேட்டுக்கேட்டே சொல்வளம் பெருகும். கற்பிக்கும் தாய்க்கும் அது களைப்பாற்றும் இன்பமன்றோ!

இவ்வின்பத்தைத்தான் பெற்றோர் பலர் மூன்றாம் அகவையிலேயே ஆங்கில மழலைப்பள்ளிக்குப் பணங்கொடுத்து இழக்கின்றனர். அங்கு நெத்திலியும் காரலும் ஒரே ஆங்கிலச் சொல்லுக்குள் மறைகின்றன. 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டமும் ஆறாம் அகவை முதலே கட்டாயக் கல்வியை வகுத்துள்ளது. அதற்கு முந்திய ஆண்டுகள் வீட்டுக்குரியவை; தாய்மொழிக்குரியவை.

பிரெஞ்சியர் ஆட்சியிலேயே பாவேந்தர் 1909 முதல் 37 ஆண்டுகள் தமிழாசிரியராய் விளங்கிய மண் இது. 1954-இல் அவ்வாட்சி நீங்கியபின், வீட்டிற்குள் வேறோர் அயன்மொழியை நாமே அழைத்து அமர்த்தலாமா?

நாளும் ஒரு நாழிகையேனும் பெற்றோர் பிள்ளையோடு அமர்க! கதை சொல்க! கேட்ட கேள்விக்கெல்லாம் தமிழில் விடை தருக! தமிழ் வாழுமிடம் மேடையன்று, வீட்டுத் திண்ணையே.