விமான வாலில் இருக்கும் மானும் நம் ஊர்ப் புள்ளிமானும்

பெரம்பலூர் மாவட்டத்தின் லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களிலிருந்து வளைகுடாவுக்குப் போய்வருபவர்களுக்கு, கத்தார் ஏர்வேஸ் விமானத்தின் வாலில் நீண்ட கொம்புகளோடு தெரியும் விலங்கின் தலை பழக்கமானதுதான். அது அரேபிய ஓரிக்ஸ். அரபியில் அல்மஹா. கத்தாரின் தேசிய விலங்கும் அதுவே. மான் என்று நாம் சொன்னாலும் அது மாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் கோடியக்கரையில் மேயும் வெளிமானும் அதே குடும்பம்தான்.

பதூவிகள் பல நூற்றாண்டுகளாக ஒட்டகத்தில் போய் இதை வேட்டையாடினார்கள். இனம் அழியவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜீப்பும் தானியங்கித் துப்பாக்கியும் பாலைவனத்துக்குள் வந்தன. 1972 அக்டோபரில் ஓமனின் ஜித்தத் அல்-ஹராசிஸ் பகுதியில் கடைசி ஓரிக்ஸ்களும் சுடப்பட்டன. யாரும் பசிக்காகச் சுடவில்லை, பொழுதுபோக்குக்குத்தான்.

நல்லவேளையாக, அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே சிலர் விழித்துக்கொண்டிருந்தார்கள். 1962-ல் தொடங்கிய முயற்சியில், பிடிபட்டவையும் லண்டன், குவைத், சவூதியிலிருந்து கிடைத்தவையுமாக ஒன்பது விலங்குகள் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் மிருகக்காட்சிசாலையில் சேர்க்கப்பட்டன. அங்கே பெருகியவற்றின் வாரிசுகள் 1982-ல் ஓமன் பாலைவனத்தில் விடப்பட்டன. 1994-ல் அந்த இடம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

அதோடு கதை முடியவில்லை. 1996-ல் அங்கே சுமார் 450 ஓரிக்ஸ்கள் இருந்தன. 2007-ல் மிஞ்சியவை 65. இம்முறை கறி தேவைப்படவில்லை. பணக்காரர்களின் தனியார் பண்ணைகளுக்காகப் பெட்டைகளை உயிரோடு பிடித்துப் போனார்கள். சரணாலயத்தின் பரப்பையும் ஓமன் அரசு 90 சதவீதம் குறைத்தது. 2007-ல் யுனெஸ்கோ அதைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அப்படி நீக்கப்பட்ட முதல் இடம் அதுதான். சவூதி, அமீரகம் முதலிய நாடுகளில் நடந்த முயற்சிகளால் மட்டுமே 2011-ல் அழியும் நிலையிலிருந்து ஒரு படி மீண்டதாக அறிவிக்கப்பட்டது.

இது முஸ்லிம் நாடுகளில் நடந்தது என்பதுதான் நமக்கு உறுத்துகிறது. இஹ்ராமில் இருப்பவர் வேட்டையாடுவதை அல்மாயிதா அத்தியாயம் தடுக்கிறது. மக்காவைப் போல மதீனாவையும் நபி (ஸல்) அவர்கள் ஹரமாக்கினார்கள். அங்கே மான்கள் மேயக் கண்டால் விரட்டக்கூட மாட்டேன் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் சொன்னது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. உயிருள்ளதைக் குறிவைத்து எறிந்து விளையாடுவதற்கும் தடை உண்டு. சரணாலயம் என்பது நமக்கு வெளியிலிருந்து வந்த எண்ணமல்ல.

நம் பக்கத்துக்கு வருவோம். ஓரிக்ஸ் மறைந்த அதே 1972-ன் செப்டம்பரில்தான் இந்தியாவில் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. பெரம்பலூர் காப்புக்காடுகளில் புள்ளிமான்கள் இருக்கின்றன. கோடையில் தண்ணீர் தேடி வெளியே வந்து, திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் வண்டியில் அடிபடுகின்றன, கைப்பிடிச் சுவரில்லாத கிணறுகளில் விழுகின்றன. அப்படிச் செத்த மானின் கறியை வைத்திருப்பதும் குற்றம்தான். "மான் கறி ஹலால்தானே" என்று கேட்பவர்கள் உண்டு. ஹலால்தான். ஆனால் உண்ணலாம் என்ற அனுமதி, கட்டாயம் உண்டே ஆகவேண்டும் என்ற கட்டளை அல்லவே! நாட்டின் சட்டம் தடுத்திருக்கும்போது அதை மீறி வழக்கில் சிக்க மார்க்கம் சொல்லவில்லை.

கோடை தொடங்குமுன் ஜும்ஆ பயானில் இதை ஆலிம்கள் ஒருமுறை பேசலாம். காட்டோரம் நிலம் வைத்திருப்பவர்கள் கிணற்றுக்குச் சுவர் எழுப்பலாம். தண்ணீர்த் தொட்டி வைக்க நினைக்கும் ஜமாஅத்துகள் முதலில் வனத்துறையிடம் இடம் கேட்டுக்கொள்வது நல்லது. சாலையோரம் வைத்தால் மானை வண்டிக்கு முன்னால் அழைத்து வந்ததாகிவிடும்.