நாமினின்னா வாரிசு இல்லீங்க!

பேங்க்ல அக்கவுண்ட் ஆரம்பிக்கும்போது ஃபாரத்துல ஒரு கட்டம் வரும். நாமினி பெயர், உறவுமுறை. முக்கால்வாசிப் பேர் அப்பா பேரையோ அம்மா பேரையோ எழுதிட்டு அடுத்த கட்டத்துக்குப் போயிடுவோம். நமக்கு அப்புறம் பணம் யாருக்குன்னு அதோட முடிவாயிடுச்சுன்னு நெனப்பு. தப்புங்க! ஆனா இந்தத் தப்புக்கு ஜனங்களை நான் குத்தம் சொல்ல மாட்டேன். அந்த ஃபாரத்தைத்தான் சொல்வேன்.

ஒரு கணக்கு பார்ப்போம். (காமர்ஸ் படிக்கிறவன்கிட்ட வேற என்ன எதிர்பார்க்கிறீங்க?) ஒரு இந்துக் குடும்பம். ஒருத்தர் கல்யாணத்துக்கு முன்னாடி, தான் சம்பாதிச்ச 12 லட்சத்தை டெபாசிட் போட்டு தம்பியை நாமினியா எழுதுறார். அப்புறம் கல்யாணம், ஒரு பொண்ணு. நாமினியை மாத்தவே இல்லை. உயிலும் எழுதாம இறந்துடறார். அம்மா உயிரோட இருக்காங்க. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு 4, மகளுக்கு 4, அம்மாவுக்கு 4 லட்சம். தம்பிக்குப் பூஜ்யம்.

ஆனா பேங்க் 12 லட்சத்தையும் தம்பி கையிலதான் கொடுக்கும். சட்டப்படிதான் கொடுக்கும். கொடுத்ததோட அதன் பொறுப்பு தீர்ந்தது. தம்பி தரலைன்னா அண்ணி கோர்ட்டுக்குப் போகணும். இதுல தம்பி திருடனும் இல்லை. "அண்ணன் என் பேரைத்தானே எழுதினாரு"ன்னு மனசார நம்பறார். நல்ல மனுஷங்களையே அடிச்சுக்க வைக்குது அந்த ஒரு கட்டம்.

இது புது விஷயமும் இல்லை. நாமினி பணத்தை வாங்கிக்கிறவர் மட்டும்தான், பணம் வாரிசுகளுக்குன்னு 1983-லேயே ஒரு இன்சூரன்ஸ் வழக்குல (சர்பதி தேவி எதிர் உஷா தேவி) சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. கம்பெனி ஷேருக்கும் அதேதான்னு 2023 டிசம்பர்ல தீர்ப்பு வந்தது. நடுவுல 2015-ல இன்சூரன்ஸ் சட்டத்தைத் திருத்தி, பெற்றோர், கணவன்/மனைவி, பிள்ளைகள் நாமினியா இருந்தா பணம் அவங்களுக்கே சொந்தம்னுட்டாங்க. ஒரே வார்த்தை, இடத்துக்கு ஒரு அர்த்தம். சாமானியன் எங்கே போய் இதையெல்லாம் படிப்பான்?

"நாமினி இருக்கிறதாலதானே பணம் சீக்கிரம் கைக்கு வருது?"ன்னு கேப்பீங்க. நியாயம். அதை எடுக்கச் சொல்லலை. "நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர், உரிமை வாரிசுகளுக்கே" என்று அந்தக் கட்டத்துக்கு மேல தமிழ்ல ஒரு வரி, பெரிய எழுத்துல போடுங்கன்னுதான் கேக்கறேன். இதுக்கு என்ன செலவு ஆகிடும்?

2025 நவம்பர் 1 முதல் பேங்க் டெபாசிட்டுக்கு நாலு நாமினி வரைக்கும், ஆளுக்கு இத்தனை சதவீதம்னு எழுதலாம். சதவீதம் போட்டு எழுதினா யாருக்குத்தான் அது பாகப்பிரிவினைன்னு தோணாது? குழப்பம் இன்னும் கூடத்தான் போகுது.

உயில் எழுதிட்டா பெரும்பாலான சண்டை வராது. முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு கட்டாயமில்லை. எழுதினவர் கையெழுத்தும் ரெண்டு சாட்சி கையெழுத்தும் போதும். கூட்டாளி இறந்தா எக்சிகியூட்டர் கணக்கு எப்படிப் போடணும்னு நமக்கு மார்க் போட்டுச் சொல்லிக் கொடுக்கிறாங்க. இதை யாரும் சொல்லிக் கொடுக்கலை.

இன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது வீட்டுல கேளுங்க, யார் யாருக்கு யார் நாமினி, உயில் இருக்கான்னு. "என்னடா அபசகுனமா பேசறே"ன்னு திட்டு விழும். வாங்கிக்குங்க. கோர்ட் வாசல்ல நிக்கிறதுக்கு அது எவ்வளவோ தேவலை.