ஃபார்மலின் எல்லாவற்றையும் காப்பாற்றாது

"வைரஸ் இல்லைன்னு வந்துடுச்சு. அப்புறம் மகளுக்கு எதுக்கு ஊசி?" போன வாரம் உறவுக்காரர் வீட்டில் இந்தக் கேள்வி காதில் விழுந்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. தாய்க்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். மெழுகில் பதித்து வைத்த பல வருடப் பழைய பயாப்ஸி பிளாக்கிலிருந்து சீவி எடுத்து, அந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்று சோதனை செய்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் 'நெகட்டிவ்' என்று ஒற்றைச் சொல். பழைய சதையாயிற்றே என்றேன். "ஃபார்மலின்ல போட்டதுதானே, எப்படிக் கெடும்?" என்றார் அங்கிருந்த ஒருவர். அவர் வேலை பார்ப்பது ஆய்வுக்கூடத்தில்!

ஃபார்மலின் சதையை அழுகவிடாது, செல்லின் உருவம் குலையாமல் வைத்திருக்கும். மைக்ரோஸ்கோப்புக்கு அது போதும். 1893இல் ஃபெர்டினாண்ட் ப்ளூம் அதைக் கையில் எடுத்தபோது டி.என்.ஏ.வின் வடிவம் தெரியவர இன்னும் அறுபது வருடம் இருந்தது. அந்தத் திரவம் புரதத்தையும் டி.என்.ஏ.வையும் ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கிவிடுகிறது. பஃபர் சேர்க்காமல் வைத்தால் நாளாக ஆக ஃபார்மிக் அமிலம் ஊறி, இழையைத் துண்டு துண்டாக நறுக்குகிறது. மெழுகில் பதித்து அலமாரியில் அடுக்கிய பிறகும் சிதைவு நிற்பதில்லை.

பி.சி.ஆர். சோதனையில் வைரஸைத் தேடிப் பிடிப்பவை பிரைமர்கள். அவற்றில் எம்.ஒய்.09, எம்.ஒய்.11 என்ற பழைய ஜோடிக்கு ஏறக்குறைய 450 எழுத்து நீளம் அறுபடாத வைரஸ் டி.என்.ஏ. வேண்டும். இருநூறு எழுத்துகூடத் தேறாத பிளாக்கில் அது எதைக் கண்டுபிடிக்கும்? எஸ்.பி.எஃப்.10 பிரைமருக்கு 65 எழுத்து போதும். ஒரே சதையில் ஒன்று இல்லை என்னும், இன்னொன்று இருக்கிறது என்னும். எந்தப் பிரைமர் என்றுகூடச் சொல்லாத ரிப்போர்ட்டை நம்பியா ஒரு சிறுமியின் தடுப்பூசியை நிறுத்துவது?

1995இல் 22 நாடுகளின் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மாதிரிகளை ஆராய்ந்து, 93 சதவீதத்தில் எச்.பி.வி. இருப்பதாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த நெகட்டிவ்களையே மறுபடி எடுத்து, வைரஸ் டி.என்.ஏ.வின் எல்1 பகுதியோடு நிற்காமல் ஈ7 பகுதியையும் தேடி, சரியான சதை இல்லாதவற்றை ஒதுக்கிப் பார்த்தபோது 1999இல் கணக்கு 99.7 சதவீதமாயிற்று. இல்லை என்று எழுதப்பட்ட வைரஸ் அங்கேயேதான் இருந்தது. இத்தனைக்கும் அவை உறைநிலையில் காத்த சதைகள். தேர்ந்த ஆய்வாளர்கள் கையில், உறைந்த சதையிலேயே வைரஸ் நழுவியது. அலமாரியில் கிடந்த பிளாக்கில் எத்தனை நழுவும்?

"1918 ஃப்ளூவையே ஃபார்மலின் சதையிலிருந்து எடுத்தார்களே" என்பார்கள். எடுத்தார்கள், 1997இல் டாபன்பெர்கர் குழுவினர். குட்டிக் குட்டித் துண்டுகளாகப் பொறுக்கி, ஒட்டிச் சேர்த்து. வைரஸ் கிடைத்தால் இருந்தது என்று சொல்லலாம். கிடைக்கவில்லை என்பதை வைத்து இல்லவே இல்லை என்று சொல்ல எவருக்கு உரிமை? 22 நாட்டு ஆய்வே அப்படிச் சொல்ல முடியாமல் திரும்பிப் போய்ப் பார்த்தது.

ஆபரேஷன் தியேட்டரில் நடப்பதை நினைத்தால் இன்னும் கொதிக்கிறது. குறுகிய வாய்ப் பாட்டிலில் முழுக் கர்ப்பப்பையைத் திணித்து, மேலே கொஞ்சம் ஃபார்மலினை ஊற்றி மூடுகிறார்கள். சதையைப் போலப் பத்து மடங்கு திரவம் வேண்டும். அது மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் உள்ளே இறங்கும். நடுப்பகுதிக்கு அது போய்ச் சேர்வதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிடும். சதையோடு ஆய்வுக்கூடத்துக்குப் போகும் படிவம் கணவர் பெயரைக் கேட்கும், சதை எத்தனை மணிக்கு ஃபார்மலினில் விழுந்தது என்று கேட்பதில்லை.

ஆய்வுக்கூடத்தாரே, நோயாளியிடம் முழுக் கட்டணம் வாங்குகிறீர்கள். அதே மாதிரியில் அவளுடைய சொந்த பீட்டா குளோபின் மரபணுவாவது கிடைத்ததா என்று எழுதுங்கள். அதுவும் கிடைக்கவில்லையென்றால் அந்த இடத்தில் 'நெகட்டிவ்' என்று போடாதீர்கள். 'சோதனைக்கு உதவாத மாதிரி' என்று போடுங்கள், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.